பகலில் பறவை, இரவில் யார்?

நிலக்கடலைக் கொல்லையிலோ ஆமணக்குத் தோட்டத்திலோ இலைகள் சல்லடையாய்த் துளைபட்டுக் கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். தின்ற புழு எங்கே என்று பகலில் தேடினால் எளிதில் அகப்படாது. செடியின் அடியில் மண்ணைக் கிளறினால், அங்கே சுருண்டு கிடக்கும். பொழுது சாய்ந்தபின் விளக்குடன் சென்றால் அதே புழு இலைமேல் ஏறி மும்முரமாகத் தின்றுகொண்டிருக்கும். புரொடீனியா என்று நம் உழவர்கள் அழைக்கும் வெட்டுப்புழுவின் அன்றாட நடைமுறை இது.

பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் மட்டும் உண்பானேன்? வெயிலும் வறட்சியும் ஒரு காரணம். மெல்லிய தோலுடைய புழு எளிதில் காய்ந்துவிடும். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் எதிரிகள். பகலில் வரும் எதிரி வேறு, இரவில் வரும் எதிரி வேறு. இது கேட்பதற்குச் சிறிய செய்தியாகத் தோன்றும். ஆயினும் இதை ஐயமற நிலைநாட்ட விஞ்ஞானத்துக்கு நூற்று நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தாமதத்துக்குக் காரணம் புழுவன்று. பார்த்த மனிதர்களின் கண்தான். அந்தக் கதையைப் பார்ப்போம்.

டார்வினின் ஐயம்

கதை 1867ஆம் ஆண்டு தொடங்குகிறது. சார்லஸ் டார்வின் அப்போது ஒரு சிக்கலில் இருந்தார். ஆண் பறவைகள் பகட்டான நிறம் பெற்றிருப்பது பெண் பறவைகளைக் கவர்வதற்காக என்று அவர் விளக்கி வந்தார். ஆனால் சில புழுக்களும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கின்றனவே! புழு என்பது இனப்பெருக்கம் செய்யாத இளம்பருவம். அதற்குத் துணை தேடும் வேலையே இல்லை. பிறகு அலங்காரம் யாருக்காக?

அமேசான் காடுகளில் ஆராய்ந்து திரும்பிய ஹென்றி வால்டர் பேட்ஸிடம் இதைக் கேட்டார் டார்வின். பேட்ஸோ, வாலஸைக் கேளுங்கள் என்று கூறிவிட்டார். பிப்ரவரி 23ஆம் நாள் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸுக்கு டார்வின் கடிதம் எழுதினார். மறுநாளே வாலஸ் விடை எழுதினார். சில புழுக்கள் உண்ணத் தகாத சுவை கொண்டவை. ஆனால் பறவை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பினாலும் புழுவின் மெல்லிய உடல் பிழைக்காது. ஆகவே கொத்துவதற்கு முன்பே எச்சரிக்கை போய்ச் சேர வேண்டும். பகட்டான நிறம்தான் அந்த எச்சரிக்கை என்பது வாலஸின் கருத்து.

ஒன்றைக் கவனியுங்கள். நிறம் என்பது வெளிச்சத்தில் மட்டுமே பயன்படும் சாதனம். எனவே இந்த விளக்கம் முழுவதும் பகலில் பார்த்து வேட்டையாடும் பறவையை மனத்தில் வைத்து எழுந்தது. அதில் தவறில்லை. ஆனால் புழுவின் எதிரி என்றாலே பறவை என்ற எண்ணம் இங்கிருந்துதான் வேரூன்றியது.

பறவைக் கூண்டில் ஒரு தேர்வு

வாலஸ் கூறியது ஊகம்தான். அதைச் சோதிக்க வேண்டும். லண்டனில் சுங்கத் துறையில் பணியாற்றிய ஜான் ஜென்னர் வேர் என்பவர் பெரிய கூண்டில் பலவகைப் பறவைகளை வளர்த்து வந்தார். அவர் புழுக்களை ஒவ்வொன்றாகக் கூண்டில் இட்டு, எதைப் பறவைகள் தின்கின்றன, எதை விலக்குகின்றன என்று குறித்துக்கொண்டார். 1869ஆம் ஆண்டு லண்டன் பூச்சியியல் சங்கத்தில் அதன் முடிவுகளைத் தெரிவித்தார். அதே ஆண்டு ஆர்தர் கார்டினர் பட்லர் என்பவர் பல்லி, தவளை, சிலந்தி ஆகியவற்றை வைத்து இதே சோதனையைச் செய்து முடிவுகளை வெளியிட்டார்.

வாலஸின் ஊகம் சரியாயிற்று. பகட்டு நிறப் புழுக்களையும் மயிர் அடர்ந்த புழுக்களையும் பறவைகள் தொடவில்லை. பச்சைப் புழுக்களையும், குச்சி போல் நீட்டிக்கொண்டு நிற்கும் புழுக்களையும் விரும்பித் தின்றன. வேர் இன்னொன்றையும் கண்டார். மங்கிய நிறமும் வழுவழுப்பான உடலும் கொண்டு, இரவில் மட்டும் இரை தேடும் புழுக்களைப் பறவைகள் பெரும் ஆவலுடன் விழுங்கின. அதாவது, எவை சுவையானவையோ அவைதாம் பகலில் வெளியே தலைகாட்டுவதில்லை. கசக்கும் புழு பகலில் துணிந்து உலவும். இனிக்கும் புழு இரவுக்காகக் காத்திருக்கும்.

இது அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் கூண்டில் நடந்த சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பறவைக்கு எது பிடிக்கும் என்பதை அது கூறும். காட்டில் எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் வாயில் எத்தனை புழுக்கள் போகின்றன என்பதை அது கூறாது.

கிழிந்த இலை காட்டிக் கொடுக்கும்

இதற்கு அடுத்த பெரிய அடி 1979ஆம் ஆண்டு விழுந்தது. அமெரிக்க உயிரியலார் பெர்ண்டு ஹைன்ரிக், புழுக்கள் இலையைத் தின்னும் முறையை உற்றுநோக்கினார். மயிரும் முள்ளும் கொண்ட புழுக்கள் இலையைக் கந்தலாக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே கவலையின்றி அமர்ந்திருந்தன. பறவைகள் விரும்பும் புழுக்களோ வேறு விதமாக நடந்துகொண்டன. அவற்றுள் சில இரவில் மட்டும் உண்டன. சில, தின்ற இலையை விட்டுத் தொலைவில் போய்ப் பகலைக் கழித்தன. வேறு சில, பாதி தின்ற இலையின் காம்பைக் கடித்துத் துண்டித்துக் கீழே தள்ளிவிட்டன! திருடன் கால்தடத்தை அழிப்பது போல, தான் தின்ற தடயத்தை மறைக்கின்றன என்று ஹைன்ரிக் கருதினார்.

பறவை உண்மையில் கிழிந்த இலையைப் பார்த்துத் தேடுகிறதா? 1983ஆம் ஆண்டு ஹைன்ரிக்கும் ஸ்காட் காலின்ஸும் இதைச் சோதித்தார்கள். சிக்கடி என்னும் சிட்டளவுக் குருவிகளைப் பெரிய கூண்டில் விட்டு, சேதமுற்ற இலைகள் உள்ள மரத்தில் மட்டும் இரையை வைத்தார்கள். குருவிகள் விரைவில் பாடம் கற்றுக்கொண்டு, சேதமான இலைகள் உள்ள மரத்தையே நாடின. ஆகவே இரவில் தின்பதால் மட்டும் புழுவுக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடாது. விடிந்தபின் தின்ற இடத்தில் இருக்கவும் கூடாது.

தரைக்கு இறங்கினால் என்ன ஆகும்?

அப்படியானால் இருட்டில் உண்டு, வெளிச்சம் வருமுன் மரத்தை விட்டே இறங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா? இதற்கு விடை தந்தது ஒரு விபத்து.

எத்தியென் லெயோபோல் த்ரூவெலோ என்ற பிரெஞ்சு ஓவியர் அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே மெட்போர்டில் குடியிருந்தார். பிற்காலத்தில் கோள்களையும் சூரிய கிரகணத்தையும் அழகாக வரைந்து வானியலில் புகழ் பெற்றவர் இவர். பட்டுப்பூச்சி ஆராய்ச்சிக்காக ஐரோப்பாவிலிருந்து ஒரு வகை அந்துப்பூச்சியை வரவழைத்தார். 1860களின் இறுதியில் அவை அவரது தோட்டத்திலிருந்து தப்பிவிட்டன. இன்று அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளை மொட்டையடிக்கும் பெரும் பகை அதுவே. அதன் பழைய பெயர் ஒரு மக்களினத்தை இழிவுபடுத்துவதாக இருந்ததால் 2022ஆம் ஆண்டு ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி என்று மாற்றினார்கள்.

இதன் முதிர்ந்த புழுக்கள் இரவில் ஓக் முதலிய மரங்களின் உச்சியில் இலை தின்னும். விடியுமுன் இறங்கி மரப்பட்டை இடுக்கிலோ தரைச் சருகிலோ ஒளிந்துகொள்ளும். 1890ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநில அரசு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. அந்த வேலையில், அடிமரத்தைச் சுற்றிச் சாக்குத் துணி கட்டுவதும் ஓர் உத்தி. இறங்கி வரும் புழுக்கள் துணிக்கடியில் ஒண்டும். பகலில் வந்து அள்ளி அழிக்கலாம். புழுவின் ஒளியும் பழக்கமே அதற்குக் கண்ணியாயிற்று.

ஆனால் தரையில் மனிதனுக்கு முன்பே ஒருவன் காத்திருந்தான். புழுக்கள் குறைவாக உள்ள காடுகளில் அவை பெருகாமல் தடுப்பது எது என்று 1970களில் ராபர்ட் கேம்பெல்லும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்தார்கள். சருகில் தங்கும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் பெரிதும் அழித்தது பறவையன்று. வெண்பாதச் சுண்டெலி முதலிய சிறு பாலூட்டிகள் என்று தெரிந்தது. இந்தச் சுண்டெலி இரவில் நடமாடுவது. புழுவாவது இரவில் மரமேறித் தப்பலாம். கூட்டுப்புழுவுக்குக் கால் ஏது? அது இரவும் பகலும் கிடந்த இடத்தில் கிடக்க வேண்டியதுதான். பகல் எதிரிக்கு அஞ்சித் தேர்ந்துகொண்ட மறைவிடம் இரவு எதிரியின் உணவறையாகிவிட்டது.

ஒரே வலை, இரண்டு எதிரிகள்

இனி, பரிசோதனை செய்யும் மாணவர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டிய பகுதிக்கு வருகிறோம்.

பறவை எவ்வளவு புழு தின்கிறது என்று அறிய எளிய வழி, செடியை வலையால் மூடுவதுதான். வலைக்குள் பறவை நுழையாது, பூச்சிகள் நுழையும். சில வாரம் கழித்து, மூடிய செடியில் உள்ள புழுக்களையும் மூடாத செடியில் உள்ள புழுக்களையும் எண்ணி ஒப்பிட்டால் போதும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் ரிச்சர்டு ஹோம்ஸ் குழுவினர் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் பெயர் பெற்றது. பறவை வராத செடிகளில் புழுக்கள் மிகுந்திருந்தன. பின்னர் பல நாடுகளிலும் இதைப் பின்பற்றினார்கள். முடிவுகள் பறவையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன.

இதில் உள்ள ஓட்டை உங்களுக்குப் புலப்படுகிறதா? வலை இரவும் பகலும் கிடந்தது. பறவையைத் தடுக்கும் வலை வௌவாலையும் தடுக்கும். பௌதிகப் பரிசோதனையில் வெப்பநிலை, அழுத்தம் இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு, கன அளவு மாறியதற்கு வெப்பம்தான் காரணம் என்று எழுதினால் ஆசிரியர் ஒப்புக்கொள்வாரா?

இந்த ஓட்டையை அடைக்கத் தேவைப்பட்டது புதிய கருவியன்று, கொஞ்சம் உழைப்பு. பனாமா நாட்டின் பர்ரோ கொலராடோ தீவில் மார்கரெட்டா கால்கா, ஆடம் ஸ்மித், எலிசபெத் கால்கோ ஆகியோர் சில செடிகளைப் பகலில் மட்டும் மூடினார்கள். அங்கே பறவை வராது, வௌவால் வரலாம். வேறு சில செடிகளை இரவில் மட்டும் மூடினார்கள். அங்கே வௌவால் வராது, பறவை வரலாம். மூன்றாவது வகைச் செடிகளை மூடவே இல்லை. காலையிலும் மாலையிலும் வலையை இழுத்து விடுவதும் எடுப்பதுமாக வாரக்கணக்கில் வேலை நடந்தது.

2008ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் முடிவு வெளிவந்தது. மூடாத செடிகளில் இலைப் பரப்பில் 4.3 சதவீதம் பூச்சிகளால் அழிந்தது. பறவையைத் தடுத்த செடிகளில் இது 7.2 சதவீதம். வௌவாலைத் தடுத்த செடிகளிலோ 13.3 சதவீதம்! அந்தக் காட்டின் அடிமட்டச் செடிகளுக்குப் பறவையைவிடச் சிறந்த காவலன் வௌவால் என்று தெரிந்தது. அதே இதழில், மெக்சிகோவின் காப்பித் தோட்டம் ஒன்றில் கிம்பர்லி வில்லியம்ஸ்-கில்லன் குழுவினர் செய்த இதே மாதிரி ஆய்வும் வெளிவந்தது. அங்கும் மழைக்காலத்தில் வௌவாலின் பங்கு தெளிவாகத் தெரிந்தது.

எல்லாக் காட்டிலும் வௌவாலே முதல்வன் என்று இதற்குப் பொருளல்ல. இடத்துக்கு இடம் கணக்கு மாறும். ஆனால் இரவையும் பகலையும் பிரித்து எண்ணாதவரை எந்த இடத்துக் கணக்கையும் நம்ப முடியாது.

கண்ணாடி போன்ற இலை

இலையோடு இலையாக அசையாமல் கிடக்கும் பூச்சியை இருட்டில் வௌவால் எப்படிக் கண்டுபிடிக்கிறது? உச்சி வெயிலில் ஒளிச்செறிவு சுமார் 1,00,000 லக்ஸ். முழுநிலவு இரவில் அது சுமார் கால் லக்ஸ்தான். அதாவது நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. அடர்ந்த காட்டுக்குள் அதுவும் இல்லை. பறவையின் கண்ணை ஏமாற்றும் பச்சை நிறம் இங்கே உதவாது; பார்க்கும் கண்ணே வேலை செய்யாதபோது நிறத்துக்கு என்ன வேலை?

வௌவால் மீயொலி எழுப்பி எதிரொலி கேட்டு இரை தேடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 100 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். சிறு பூச்சியை உணர இது போதும். ஆனால் பூச்சி இலைமேல் இருந்தால், இலையின் வலுவான எதிரொலியில் பூச்சியின் மெல்லிய எதிரொலி அமுங்கிவிடுமே என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுநாள் எண்ணியிருந்தனர்.

பனாமாவில் வாழும் மைக்ரோனிக்டெரிஸ் மைக்ரோட்டிஸ் என்ற சிறு வௌவால் இந்தத் தடையை வென்றுவிடுகிறது. இன்கா கைப்பெல் குழுவினர் 2013ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகள் இதன் நுட்பத்தை விளக்கின. வழுவழுப்பான இலை, ஒலிக்கு ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி போன்றது. நேராக எதிரே வந்தால் ஒலி திரும்பி வௌவாலிடமே வரும். சாய்வாக வந்தால், படுகோணமும் மீள்கோணமும் சமம் என்ற விதிப்படி, ஒலி வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், இலை மௌனமாகிவிடும். இலைமேல் ஒரு பூச்சி இருந்தாலோ, அதன் உடல் ஒலியை நாற்புறமும் சிதறடிக்கும். ஒரு பகுதி வௌவாலின் காதுக்கு வந்து சேரும். அமைதியான இலையில் பூச்சி மட்டும் ‘ஒளிர்கிறது’. வௌவால் சாய்வான கோணத்தில் அணுகுவது இதற்காகத்தான். நாம் பள்ளியில் ஒளிக்குப் படித்த விதி இருட்டுக் காட்டில் ஒலிக்கும் பொருந்தி, ஒரு பூச்சியின் உயிரை முடிக்கிறது.

மணத்தால் பொழுதறியும் புழு

எதிரிகள் நேரம் பிரித்துக்கொண்டு வேலை செய்யும்போது, புழுவுக்கும் நேரம் தெரிந்தாக வேண்டும். தானியப் பயிர்களைத் தின்னும் மித்திம்னா என்ற படைப்புழு இரவில் உண்டு பகலில் ஒளிவது. இதன் உடலில் முட்டையிட்டு இதையே உணவாக்கிக்கொள்ளும் ஒட்டுண்ணிக் குளவி பகலில் பறப்பது. புழு, வெளிச்சத்தைக் கண்டுதான் ஒளிகிறது என்று எண்ணத் தோன்றும்.

ஜப்பானில் ஷியோஜிரி, ஓசாவா, தகபயாஷி ஆகியோர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. செடிகள் பகலில் வெளிவிடும் மணமும் இரவில் வெளிவிடும் மணமும் வேறுபடும். வெளிச்சத்தில் வைத்த செடியின் மணத்தை வீசச் செய்தால், இருட்டிலும் புழுக்கள் ஒளிந்தன. இருட்டில் வைத்த செடியின் மணத்தை வீசச் செய்தால், வெளிச்சத்திலும் வெளியே வந்தன. தன் உணவின் மணமே புழுவுக்குக் கடிகாரம்!

களிமண் புழுவும் நீங்களும்

இன்று இந்த ஆராய்ச்சியில் பெரிதும் பயன்படும் கருவி மிக எளிமையானது: பிளாஸ்டிசின் என்னும் எண்ணெய்க் களிமண்ணால் உருட்டிய பொய்ப் புழு. அதைக் கடித்த விலங்கு தன் அடையாளத்தை அதன்மேல் விட்டுச் செல்லும். 2017ஆம் ஆண்டு தோமஸ் ரோஸ்லின் தலைமையில் உலகெங்கும் 31 இடங்களில் சுமார் 2,900 பொய்ப் புழுக்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஆர்க்டிக் வட்டத்தைவிட நிலநடுக்கோட்டில் தாக்குதலுக்கான வாய்ப்பு எட்டு மடங்கு என்று அது காட்டியது. அந்த மிகுதிக்குக் காரணம் பறவைகளல்ல, எறும்பு முதலிய கணுக்காலிகளே. எறும்புக்குப் பகல் ஏது, இரவு ஏது? இனத்துக்கு இனம் வேலை நேரம் மாறும்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். பச்சை நிறக் களிமண்ணில் இரண்டரை சென்டிமீட்டர் நீளமும் நான்கு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள நாற்பது புழுக்கள் உருட்டுங்கள். நகக்குறி படாமல் மழமழவென்று இருக்க வேண்டும். பள்ளித் தோட்டத்துச் செடிகளில் இலைமேல் சிறிது பசையிட்டு ஒட்டுங்கள். ஐந்து நாள் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பாருங்கள். ஆப்பு வடிவக் குழிவு இருந்தால் பறவையின் அலகு. இணை இணையான கீறல் என்றால் எலியின் முன்பற்கள். குண்டூசி குத்தியது போன்ற சிறு குறிகள் என்றால் எறும்பு முதலியவற்றின் தாடை. குறித்துக்கொண்டு, அடையாளத்தை வழித்துச் சமன் செய்துவிடுங்கள். பகல் கணக்கையும் இரவுக் கணக்கையும் தனித்தனியே எழுதுங்கள். ஒன்று மறவாதீர்கள்: பொய்ப் புழு நகராது, அதற்குப் புழுவின் மணமும் கிடையாது. ஆகவே இந்த எண், தாக்குதலின் ஒப்புமை அளவே தவிர உண்மையான சாவுக் கணக்காகாது.

இது வெறும் வேடிக்கையன்று. வயலில் புழுவைப் பறவைகள் பிடிக்கட்டும் என்று ‘டி’ வடிவக் குச்சிகளை நடும் வழக்கம் நம்மிடம் உண்டு. தவிடும் வெல்லமும் கலந்த நச்சுணவை வெட்டுப்புழுவுக்காக மாலையில் வைக்கும் வழக்கமும் உண்டு. முதலாவது பகல் எதிரிக்கு உதவுவது. இரண்டாவது புழுவின் இரவுப் பழக்கத்தை அறிந்து செய்வது. இருட்டில் நமக்காக உழைப்பவற்றை மட்டும் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய மரத்தை வெட்டும்போதும், பாழடைந்த மண்டபத்து வௌவால்களைப் புகையிட்டு விரட்டும்போதும், அந்தி நேரத்தில் மருந்து அடிக்கும்போதும், அதனால் விளையும் இழப்பு நம் கண்ணில் படுவதில்லை. நாம் உறங்கும் நேரத்தில் அல்லவா அது நடக்கிறது!

வேர் தம் கூண்டருகே நின்ற நாளிலிருந்து பனாமாவில் இரவு வலை கட்டிய நாள்வரை இக்கதையில் முன்னேற்றம் வந்தது பெரும்பாலும் விலையுயர்ந்த கருவியால் அன்று. எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்று ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதால்தான். உங்கள் ஊர் வயலில் பகல் கணக்கு எவ்வளவு, இரவுக் கணக்கு எவ்வளவு? நாற்பது களிமண் உருண்டைகளும், ஐந்து நாள் விடியலில் எழும் பொறுமையும் இருந்தால் நீங்களே எண்ணத் தொடங்கலாம்.